காவலுக்கு வந்த லாப்ரடார்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்கள் கொடுத்தனுப்பிய நாய் எங்கள் இருவரையும்விட நலம். நீங்களும் மகளும் நிம்மதியாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நாய்தான் இங்கே இருக்கிறதே.

"நல்ல ஜாதி லாப்ரடார், செருப்புக் கடைக்குக் காவலா இருக்கும் மாமா" என்றீர்கள். மாப்பிள்ளை பேச்சைத் தட்டக் கூடாதென்று வாங்கிக்கொண்டேன். வந்ததிலிருந்து அது ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. தபால்காரர், மீட்டர் பார்க்கிறவர், வழி தெரியாமல் வந்தவர், எல்லோரும் அதற்கு ஒன்றுவிட்ட சித்தப்பா. வாலை ஆட்டுகிற வேகத்தில் கீழ்த்தட்டுச் செருப்பெல்லாம் தரைக்கு வந்துவிடுகிறது. பாலிஷ் துணியைத் தின்றுவிட்டு, இன்னும் பசிக்கிறது என்று என் முகத்தையே பார்க்கிறது. கடை கழுவ வைத்த வாளிக்குள் பாதி உடம்பை இறக்கி, நேரே வந்து, வெள்ளைச் சட்டை போட்டவர் யாரோ அவர் பக்கத்தில் நின்று உதறுகிறது. இத்தனையும் பொறுத்துக்கொண்டேன்.

நேற்று நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. நம் கடை வழக்கம் உங்களுக்குத் தெரியும், வெளியே வலது கால் ஷூ மட்டும்தான் வைப்பேன், இடது உள்ளே இருக்கும், ஒற்றையைத் திருடி எவன் என்ன செய்வான்? யாராவது வலதைப் போட்டுப் பார்த்தால் நான் உள்ளே போய் ஜோடியை எடுத்துவருவதை இந்த நாய் உட்கார்ந்து கவனித்தே வந்திருக்கிறது. நேற்று மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தபோது ஒருத்தன் வந்து, இருப்பதிலேயே உசத்தியான ஷூவை மாட்டிப் பார்த்து, ஜோடி இல்லையே என்று கழற்றப் போனானாம். நம்மாள் விடுவானா? உள்ளே ஓடி, அதன் ஜோடியையே மோப்பம் பிடித்து, ஒரு பல் தடம்கூடப் படாமல் கவ்விக்கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தானாம். தெருமுனை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வேறு வந்தானாம். எதிர்க்கடைத் தையல்காரர்தான் எல்லாவற்றையும் பார்த்தவர். ஏன் சத்தம் போடவில்லை என்று கேட்டால், வியாபாரம் அவ்வளவு ஒழுங்காக நடந்தது, எனக்குச் சந்தேகமே வரவில்லை என்கிறார். உங்கள் அத்தையிடம் முறையிட்டால், "நீங்க தூங்கிட்டீங்க, அதுவாவது கடையப் பாத்துச்சே" என்கிறாள்.

ஆகையால் மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளாமல், வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து நாயைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். இந்தக் கடையில் ஒன்று அது இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும். மகளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பினேன். நாய் தையல்காரர் காலடியில் படுத்திருந்தது. கூப்பிட்டேன். வாலை ஆட்டியது, எழுந்து வரவில்லை. அவருக்கு எப்படி ஆட்டியதோ அப்படியேதான் எனக்கும். அந்தத் திருடனுக்கும் இதே மாதிரிதான் ஆட்டியிருக்கும். தினமும் சாப்பாடு போடுகிறவனுக்கென்று கொஞ்சம் கூடுதலாக ஆட்டினால் என்ன குறைந்துவிடும்? மனசே ஆறவில்லை, மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். நான் யாரென்று அதற்குப் புரிகிற வரை நாயைத் தருவதாக இல்லை.