அரசாங்கம் நட்ட துக்கத் தோட்டம்

வெண்குடை நாட்டு அரசாங்கம் ஒரு காலத்தில் எல்லாருக்கும் நாகரிகம் கொடுத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டது. வேண்டுமென்று கேட்டவர் யாருமில்லை. கருமலைப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்த் தலைநகர் விடுதிப் பள்ளியில் அடைத்தார்கள். மலைப் பேச்சு வாயில் வந்தால் பிரம்படி. மாதியும் அவள் தம்பி காடனும் சேர்ந்துதான் போனார்கள். மாதி மட்டும் திரும்பி வந்தாள். காடன் காய்ச்சலில் போய்விட்டான். பள்ளிக்குப் பின்னால் எங்கேயோ புதைத்துவிட்டார்கள், பாவிகள்.

புதைத்த இடத்தில் ரத்த உறவு ஒன்று நின்று, மலைப் பேச்சில் பேர் சொல்லி வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். அதுவரை அந்த உயிர் வழி தெரியாமல் அங்கேயே கிடக்கும் என்பது கருமலைக்காரர் நம்பிக்கை. மாதிக்குத் தலை நரைத்துவிட்டது. காடனை இன்னும் கூப்பிட்டபாடில்லை.

புதிதாகப் பட்டத்துக்கு வந்த மன்னர் இதையெல்லாம் கேள்விப்பட்டு உண்மையாகவே அழுதார். உடனே துக்க அமைச்சர் ஒருவரை நியமித்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அமைச்சர் பள்ளியை இடித்து, பின்புறம் முழுக்கப் புல் வளர்த்து, துக்கத் தோட்டம் என்று பெயர் வைத்து வேலி போட்டார். புனிதமான இடமாகிவிட்டதால் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு நாள் வேலிக்கு வெளியே நின்று துக்கப்படலாம், அதுவும் அரசவை மொழியில். புரியாத மொழியில் அழுதால் மன்னர் எப்படி உருகுவார் என்று, உள்ளே விடச் சொல்லி நடையாய் நடந்த மாதியிடம் அமைச்சர் பொறுமையாக விளக்கினார்.

அந்த நாள் வந்தது. மன்னர் முன்னிலையில் கருமலை சார்பில் மாதி "மன்னித்தோம்" என்று சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

"அது இருக்கட்டும் சாமி. மொதல்ல எந் தம்பியக் கூப்பிட்டுக்கறேன்," என்றாள் மாதி. வேலியைப் பிடித்துக்கொண்டு மலைப் பேச்சில் குரல் கொடுத்தாள். "காடா, அக்கா வந்துட்டேன்டா. எந்திரி, வூட்டுக்குப் போலாம்."

"அந்தப் பேச்சை இங்கே பேசக் கூடாது," என்றார் அமைச்சர்.

இதே வாக்கியத்தை மாதி ஆறு வயதில் கேட்டிருக்கிறாள். அவள் நிறுத்தவில்லை. பின்னால் நின்ற கருமலைக்காரர்களும் ஒவ்வொருவராக வேலிக்கு வந்து தங்கள் தம்பியை, தங்கையைக் கூப்பிட்டார்கள். காவலர்களே ஒதுங்கி இடம் விட்டார்கள்.

மன்னர் உருகிப்போய்க் கைதட்டினார். "அருமையான பாட்டு. மலைப் பிள்ளைகளைத் தலைநகருக்கு அழைத்து வந்து, இங்கேயே தங்க வைத்து, இதை முறையாகச் சொல்லிக்கொடுங்கள்."

அமைச்சர் தலைவணங்கினார். காடன் எழுந்து வந்தானா என்று பார்க்க மாதிக்கு நேரமில்லை. உயிரோடிருக்கும் பிள்ளைகளை ஒளித்து வைக்க, ஓட்டமும் நடையுமாகக் கருமலைக்குக் கிளம்பினாள்.