எங்கள் டெலிபோனில் பேசிய அரசாங்கம்

காலை ஒன்பது இருபதுக்கு என் மகனை இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்தார்கள். அதே ஒன்பது இருபதுக்கு எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, எங்கள் டெலிபோனில், இங்கே யாரையும் வீணாகப் பிடிப்பதில்லை என்று ஒரு வெளிநாட்டு வானொலிக்கு இங்கிலீசில் விளக்கிக்கொண்டிருந்தார் புரொபசர்.

ஒவ்வொரு அரசாங்கத்துக்கும் ஒரு புரொபசர் வாய்ப்பார். எங்கள் அரசாங்கத்துக்கு எங்கள் ஊர் கல்லடியில் வாய்த்தவருக்கு டெலிபோன் இல்லை. பல்கலைக்கழகத்தில் அரசியல் படிப்பித்து ஓய்வுபெற்ற தனிக்கட்டை. டெலிபோனுக்கு விண்ணப்பித்துப் பதினொரு வருடம்.

"நாட்டுக்கு எத்தனையோ சோலி கிடக்குப் புள்ள, என்ட கம்பிதானா பெரிசு?" என்று அதற்கும் அரசாங்கத்தின் பக்கமே பேசுவார்.

என் கணவர் கட்டாரில் வேலை செய்ததால் எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்திருந்தது. கைபேசியில் குரல் உடைகிறது என்று வானொலிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே பேட்டி என்றால் எங்கள் முன்னறைதான். அன்றைக்கு மின்விசிறி ஓடக்கூடாது, கறி தாளிக்கக் கூடாது, கோழிகளைக் கூடையால் மூடிவிட வேண்டும். ஷெல் குண்டை மட்டும் அவரால் மூட முடியவில்லை. ஒருநாள் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் அது விழுந்து யன்னல் அதிர்ந்தபோது, "இடி. இங்கே இப்போது மழைக்காலம்" என்றார் வானொலிக்கு. முற்றத்தில் நான் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்பு, சுனாமி வந்த கிழமை, எங்கள் தெரு முழுவதும் ஒரு பாடசாலை மண்டபத்தில் கிடந்தது. புரொபசரின் உடுப்பெல்லாம் கடலோடு போய்விட்டன. நிவாரணப் பொதியில் அவருக்குக் கிடைத்தது முழங்கால் வரை நீண்ட கம்பளிக் கோட்டு. அதைச் சாரத்துக்கு மேல் மாட்டிக்கொண்டு, மூக்கு நுனியில் வியர்வை சொட்டச் சொட்ட, "அரசாங்கம் சகலருக்கும் உடை வழங்கிவிட்டது" என்று வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்குச் சொன்னார். அவருக்குப் பின்னால், கோயில்காரர் கொண்டுவந்த சோற்றுக்கு நாங்கள் வரிசையில் நின்றோம்.

"அரசாங்கம் எங்க சேர்?" என்று கேட்டேன்.

"வந்துகொண்டிருக்கு. நீ முதல்ல சாப்பிடு புள்ள." தன் சோற்றுப் பார்சலை என் மகன் கஜனிடம் கொடுத்துவிட்டு அடுத்த கமராவைத் தேடிப் போனார்.

அந்தக் காலைக்கு வருகிறேன். வடக்கில் சண்டை கடைசிக் கட்டத்தில் இருந்த நாட்கள். கஜனுக்குப் பத்தொன்பது வயது. சந்திக் கடைக்குப் பாண் வாங்கப் போயிருந்தான். பக்கத்து வீட்டு மலரக்கா கேற்றைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

"புள்ள! சந்தியில சுத்திவளைச்சுக் கஜனையும் ட்ரக்கில ஏத்திற்றாங்க!"

நான் முன்னறைக்குள் பாய்ந்தேன். புரொபசர் வாயில் விரலை வைத்து "உஸ்" என்றார்.

"என்ன சேர் உஸ்? என்ட புள்ளையப் புடிச்சிற்றாங்க!"

உலகமெல்லாம் கேட்டிருக்கும். அந்தப் பெண் யார் என்று வானொலிக்காரர் கேட்டது எனக்கே கேட்டது. புரொபசர் வாயிலிருந்த விரலை எடுத்தார். "இந்த வீட்டு அம்மா. இவர் சொன்னால் அது நடந்திருக்கிறது" என்று இங்கிலீசில் சொல்லி ரிசீவரை வைத்தார்.

தன் பேட்டிகள் வந்த பத்திரிகை நறுக்குகளை ஒட்டிய கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இராணுவ முகாமுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். வாசலுக்கு எதிரே மரத்தடியில் தாய்மார் எல்லாரையும் மறித்துவிட்டார்கள். அங்கிருந்து பார்த்தேன். காவல் நின்றவன் கோப்பைத் தலைகீழாகப் பிடித்துப் புரட்டினான். இலண்டனும் ஜெனீவாவும் அறிந்த மனிதரை அவன் அறியவில்லை. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, பிடித்துவந்த பெடியன்களோடு மணலில் குந்தச் சொன்னான்.

"அரசாங்கத்தையே புடிச்சி வச்சிற்றாங்க" என்றாள் ஒருத்தி.

"மறுகா உலகத்துக்கு ஆரு கா விளக்கம் சொல்ற?" என்றாள் இன்னொருத்தி.

சிரித்தோம். சிரித்த வாய் மூடுமுன் அழுதோம். உள்ளே போன எல்லாரும் திரும்பி வருவதில்லை என்பது அந்த மரத்தடியில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பின்னேரம் நாலரைக்கு இருவரும் வெளியே வந்தார்கள். கஜனின் மணிக்கட்டைப் புரொபசர் இறுக்கிப் பிடித்திருந்தார். றோட்டைக் கடந்த பிறகும் விடவில்லை. என் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"தகப்பன் வந்து கையெழுத்து வச்சாத்தான் விடுவம் எண்டாங்க" என்றார். "நான் தெரிஞ்சு சொன்ன பொய் வாழ்க்கையில இது ஒண்டுதான் புள்ள. என்ட மகன் எண்டு சொல்லிப்போட்டன்."

அந்த அறிக்கையை எங்கள் வீட்டில், கட்டாரில் இருந்த என் கணவர் உட்பட, இன்றுவரை யாரும் மறுக்கவில்லை.