கண்ணுபட்ட பத்து மிளகாய் நாற்றுகள்

புக்கிட் செலம்பாவ்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ரூபினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், முக்கியமாக இதைப் படித்து முடித்த பிறகும். போனில் சொல்லத்தான் பார்த்தேன். "செடி எப்படிப்பா?" என்று நீ கேட்டதும் "சாப்பிட்டியாமா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன். அதனால் நாளை உன் பக்கம் வரும் சிவநேசனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

லீவில் வந்தபோது இருபது மிளகாய் நாற்றுகளை, வேர் வெளியே தெரிகிற கப்புகளில் வைத்துவிட்டுப் பரீட்சைக்குப் போனாய். இடது பத்துக்கு நீ கலக்கி வைத்த உப்புத் தண்ணீர், வலது பத்துக்கு வெறும் தண்ணீர். உப்பு வேரை என்ன செய்கிறது என்று ஒப்பிட்டு எழுதினால்தான் இந்த வருஷம் பட்டம், இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம். ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கும் புரியட்டும் என்று மூன்று தடவை சொன்னாய். "முப்பது வருஷம் செம்பனை நாற்று வளர்த்தவனுக்கா சொல்ற?" என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

முதல் வாரம் வலது வரிசையில் வேர் ஒரு விரல் நீளம் இறங்கி, பக்கவேர் வெள்ளை நூலாகப் பிரியத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு நவமணி வந்தாள். "ஐயோ அண்ணே, என்னா வேரு! எங்க வீட்டுல ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது லா" என்றாள். மறுநாளே ஓர் இலை பழுத்தது. "பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே, சுத்திப் போடுங்க" என்றாள் அம்மா. ஒரு கைப்பிடி கல்லுப்பை எடுத்துப் வலது பத்துக் கப்பையும் மூன்று முறை சுற்றினேன், சுற்றின உப்பு காலில் மிதிபடக் கூடாது, தண்ணீரில் கரைய வேண்டும், பக்கத்தில் வாளி இருந்தது, போட்டுவிட்டேன். அது வலது வரிசைக்கு ஊற்றுகிற வாளி. இலை இன்னும் சுருண்டது. கண்ணு ரொம்பக் கடுமை போல என்று அடுத்த வெள்ளியும் சுற்றினேன், அதற்கடுத்த வெள்ளி இரண்டு கைப்பிடி. நேற்று வாளித் தண்ணீர் உதட்டில் தெறித்தபோதுதான் கரித்தது. அம்மாவிடம் சொன்னேன். அவள் வாளியை வாங்கிப் போய்க் கொல்லையில் கவிழ்த்தாள்.

இப்போது அந்த வேர்கள் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நிற்கின்றன. நுனி பழுப்பு, புதுசாக ஒரு கிளை இல்லை. நல்லா இருக்கட்டும் என்று சுற்றின கைதான் அதை நிறுத்திவிட்டது. கப்பைப் பார்த்தால் உன் முகம்தான் தெரிகிறது. இடது வரிசைக்கு நீ சொன்னபடியே ஊற்றினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எல்லாத் தெய்வமும் உனக்கு உதவட்டும், அப்பா உதவுகிற மாதிரி இல்லாமல்.

இப்படிக்கு,
காளிதாசன்

பின்குறிப்பு: இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உள்ளே போய் உன் உப்புத் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள். "எடதுக்கு ஊத்துனேன்னு எழுதியிருக்கீங்க, இதெல்லாம் ஏங்க மூடியே தொறக்கல?" உண்மையைச் சொல்லிவிடுகிறேன் மகளே. பச்சைப் பிள்ளைக்கு உப்பு ஊற்ற மனசு வரவில்லை. முதல் நாளிலிருந்து மழைத் தண்ணீர்தான். இடது வரிசையில் வேர் அடியைத் தொட்டு, எண்ண முடியாத கிளை விட்டிருக்கிறது. நீ கேட்டது இரண்டும் வீட்டில் இருக்கிறது, பக்கம்தான் மாறிவிட்டது. எவ்வளவு உப்பு என்று உன் லெக்சரர் கேட்டால் கைப்பிடி என்று எழுது. நம்பவில்லையென்றால் சொல், கையை அளந்து பார்க்கட்டும், நானே பஸ் ஏறி வருகிறேன்.