ஊரே சொல்லுதுங்க

இந்த உலகத்தில் ஒருவரையும் நம்பாமல், அதனால் ஒரு வேளைச் சாப்பாடும் குறையாமல், எழுபது வயதைத் தாண்டி வாழ்ந்துகாட்டிய ஒரே மனிதர் தருமபுரி 'ஆருசொன்னது சார்'தான். அவருடைய சொந்தப் பெயரை ஊர் மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. "சார், வெளிய மழை பெய்யுதுங்க" என்று நீங்கள் போய்ச் சொன்னால், நனைந்துபோன உங்கள் சட்டையைப் பார்த்துக்கொண்டே "ஆரு சொன்னது?" என்பார். பிறகு எழுந்துபோய் வாசலில் கையை நீட்டிப் பார்ப்பார்.

சென்னையில் ஒரு காலேஜில் சரித்திரப் பேராசிரியராக இருந்து, ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்கு வந்தவர். யுத்த காலத்தில் குண்டு விழும் என்று சென்னையே மூட்டை கட்டியபோது, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த என்னையும் நண்பன் சேவியரையும் எங்கள் புரொபசர் இவரிடம் தள்ளிவிட்டார். மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, பெட்ரோல் பஞ்சத்தில் அடுப்புக்கரி போட்டு ஓட்டிய கரிவாயு பஸ்ஸில் ஏறி, மேடு வந்தபோதெல்லாம் இறங்கித் தள்ளி, முகமெல்லாம் கரியாக வந்து சேர்ந்தோம்.

எந்த ஆராய்ச்சிக்கும் முதல் அத்தியாயம் ஒன்று உண்டு. இதே விஷயத்தைப் பற்றி இதற்குமுன் யார் யார் என்ன எழுதினார்கள், அதில் எது நிற்கும், எது விழும் என்று அலசியாக வேண்டும். என் விஷயம் தருமபுரிப் பக்கத்து ஏரிகள். கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர் பெயர்களை அடுக்குவதுபோல நானும் அடுக்கி வைத்திருந்தேன். இவர் இப்படிச் சொல்கிறார், அவரும் அப்படியே கூறுகிறார், பலரும் இவ்வாறே கருதுவர். சார் அதைப் படித்துவிட்டு முதுகைச் சொறிந்துகொண்டார்.

"நாளைக்குச் சந்தை. புளி வெல ஏறப்போவுதுன்னு பேச்சு. எத்தன பேரு சொல்றாங்கன்னு பாத்துட்டு வாங்க" என்றார்.

போனோம். சந்தையில் பாதிப் பேர் அதையே சொன்னார்கள். பெருமையாக வந்து ஒப்பித்தோம். அவ்வளவு பேருக்கும் யார் சொன்னது என்று கேட்டுத் திரும்ப அனுப்பினார். வெயிலில் ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்ததில், எல்லாக் கையும் ஒரே ஆளைக் காட்டியது. நாங்கள் வந்த அதே கரி பஸ்ஸின் கண்டக்டர்.

"அப்ப சொன்னது ஒருத்தன். மத்ததெல்லாம் வெறும் வாயி. உன் அத்தியாயத்துல எத்தன ஆளு, எத்தன வாயின்னு பாரு, போ" என்றார் சார்.

பார்த்தேன். ஏரிகளை வெட்டியது ஒரே ராஜா என்று சாதித்த அத்தனை புத்தகங்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. அடியில் இருந்தது எப்போதோ முகாம் போட்ட வெள்ளைக்காரத் துரை ஒருவரின் குறிப்பு. துரைக்குச் சொன்னது யார் என்று பார்த்தால், அவருடைய சமையல்காரர். அன்றைக்குத்தான் சார் எனக்கு முதன்முதலாகக் காப்பி கொடுக்கச் சொன்னார்.

மனுஷர் எழவிலும் விடமாட்டார். ஏரியூரில் பெரியவர் ஒருவர் தவறிவிட்டதாகச் செய்தி வந்தது. தெருவே மாலை வாங்கிக்கொண்டு கிளம்பியது. சாரும் வண்டியில் ஏறினார், துக்கத்துக்கு அல்ல, சரிபார்ப்பதற்கு. போய் இறங்கினால், செத்துப்போனவர் வாசலில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கே இப்பத்தானுங்க தெரியும்" என்றார் அவர். வாங்கிய மாலை வீணாகக் கூடாது என்று சார் அதை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டு வந்தார்.

இதற்கு நடுவில் எனக்குப் பெண் பார்த்தார்கள். நல்லம்பள்ளிப் பக்கத்து மணியக்காரர் மகள். பார்த்த நிமிஷமே எனக்குப் பிடித்துவிட்டது. இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று சேவியரிடம் சொல்லி, அவனுடைய தூக்கத்தையும் கெடுத்தேன். அடுத்த வாரம் மணியக்காரரிடமிருந்து ஆள் வந்தார்.

"மாப்பிள்ள எடுத்த காரியத்த முடிக்க மாட்டாராமுங்க. ஊரே சொல்லுதுங்க. பொண்ணு தர மணியக்காரருக்கு இஷ்டமில்லீங்க."

எனக்கு உலகமே இருண்டது. சாரிடம் போய் நின்றேன். ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லக் கூடாதா? அவருக்குக் கண்கள் பளபளத்தன.

"ஊரே சொல்லுதா? ரொம்ப நல்லதாப் போச்சு. போய்ப் புடி."

பிடித்தேன். மணியக்காரருக்குச் சொன்னவர்கள் மூன்று பேர். எண்ணெய்க் கடைக்காரர், நாட்டு வைத்தியர், காப்பி கிளப் முதலாளி. முதல் இருவருக்கும் சொன்னது காப்பி கிளப் முதலாளிதான். அவருக்குச் சொன்னது பால் ஊற்றுகிற முனியம்மா. முனியம்மாவைத் தேடிப் பிடிப்பதற்குள் என் செருப்பு தேய்ந்துவிட்டது.

"எனக்கு ஆரும் சொல்லலீங்க. என் காதாலயே கேட்டேன்" என்றாள் அவள். "நித்தம் காலையில நான் பால் ஊத்தறப்போ, உங்க சாருதானுங்க உங்களப் பாத்துக் கத்தறாரு. 'உன்னால இத முடிக்க முடியாது, எந்திரிச்சுப் போடா'ன்னு."

கற்றுக்கொடுத்தபடியே, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கோடு போட்டு வரைந்து, சாரிடம் நீட்டினேன். விரலை வைத்துக்கொண்டே மேலிருந்து கீழே வந்தார். அடியில் வந்ததும் விரல் நின்றது.

"இது ஆரு?"

"நீங்கதானுங்க சார்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். "நல்லா வந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். பிறகு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "கெளம்பு" என்றார். வழியில் பஸ் நின்றபோது அவரும் இறங்கித் தள்ளினார்.

மணியக்காரர் கட்டில் போட்டு உட்காரவைத்தார். சார் நேரடியாக விஷயத்துக்கு வந்தார்.

"இந்தப் பையனப் பத்தி ஊரு சொல்றதெல்லாம் நான் ஒருத்தன் சொன்னது. நான் சொன்னது தப்பு."

மணியக்காரர் லேசுப்பட்டவர் அல்ல. மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "தப்புன்னு ஆருங்க சொன்னது?"

சார் கட்டிலின் நுனிக்கு நகர்ந்தார். "நானே சொல்றனே" என்றார்.

"அப்ப மறுக்காவும் நீங்க ஒருத்தருதானுங்களே சொல்றீங்க."

என் கல்யாணம் அந்தக் கட்டிலின் கீழே விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். சார் சட்டைப்பையிலிருந்து நான் வரைந்த காகிதத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தார்.

"அப்ப நான் சொல்றத நம்பாதீங்க. இதப் பாருங்க. உங்க வூட்டு வாசல்ல ஆரம்பிச்சு, வெயில்ல அலைஞ்சு, ஒரு ஆள விடாமக் கேட்டு, கடைசியில என் வாசல்ல வந்து நின்னிருக்கான். பாதியில விட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். எடுத்த காரியத்த முடிக்காதவனா இத முடிச்சான்?"

மணியக்காரர் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் உள்ளே திரும்பி, "அம்மிணி, மோர் கொண்டா" என்றார். மோர் கொண்டுவந்தது அவள்தான்.

அத்தியாயமும் முடிந்தது, கல்யாணமும் முடிந்தது. சில வருஷம் கழித்து, வேலை கிடைத்துச் சேலத்தில் குடியிருந்தபோது, ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பழைய கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "நம்ம சாரு காலையில போயிட்டாருங்க" என்றார்.

"ஆரு சொன்னது?" என்றேன்.

"ஊரே சொல்லுதுங்க."

அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். தருமபுரி வரும்வரை, அவர் வாசலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருப்பார் என்றே நினைத்துக்கொண்டு போனேன்.