பெயர் பொறித்த இடம்

கடல்மட்டத்துக்குக் கீழே ஒரு நாடு இருந்தது. மதிலில் கசிந்து உள்ளே வரும் கடலை ஒரு பம்பு ஓயாமல் வெளியேற்றிக்கொண்டிருந்தது. பம்பு நின்றால் நாடு மூழ்கும். முதலில் மூழ்குவது நப்பின்னையின் வீடு. பம்பைக் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

அந்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருளைக் கண்டுபிடித்தவரின் பெயரை அதன் மேலேயே பொறிப்பார்கள். பழுதானால் அந்தப் பெயருக்குரியவர் மட்டுமே அதைத் தொடலாம்.

நப்பின்னையின் பெயர் பம்பில் இருந்தது. காது கேளாதோர் கருவியில் இருந்தது. நெல் உலர்த்தும் இயந்திரத்திலும் இருந்தது. அமைச்சர் பெருநம்பிக்கு இது உறுத்தியது.

“நீருக்கும் காதுக்கும் நெல்லுக்கும் என்ன தொடர்பு?”

“மூணும் எங்க தெருவுக்குத் தேவைப்பட்டுச்சுங்க ஐயா.”

“தேவை என்பது ஒரு துறை அல்ல. ஒருவருக்கு ஒரு துறை. எல்லாத் துறைகளையும் அறிந்தவர் மன்னர் ஒருவரே.”

சட்டம் வந்தது. அவள் பெயரை அரத்தால் ராவிவிட்டு மன்னர் பெயரைப் பொறித்தார்கள். விழாவில் மன்னர் பம்பைச் சுற்றி வந்தார். “நெல்லை எதில் போடுவது?” என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது.

மழைக்காலத்தில் பம்பு நின்றது. நப்பின்னை வீட்டில் முழங்காலளவு தண்ணீர். ஸ்பேனருடன் ஓடி வந்தவளைக் காவலர் மறித்தார்.

“பேரு இருக்கிறவங்கதான் தொடணும்.”

“அப்ப மன்னரைக் கூப்பிடுங்க.”

“அவருக்கு நீச்சல் தெரியாது தாயி.”

பெருநம்பி படகில் வந்தார். நெடுநேரம் யோசித்தார். “ஓடும் பம்பு மன்னருடையது. நின்ற பம்பு உன்னுடையது” என்று ஆணையிட்டார். மன்னர் பெயரை ராவி அவள் பெயரைப் பொறித்தார்கள். பம்பு நின்றதற்காக அவளுக்குக் கண்டனம் வாசித்தார்கள். அவள் பழுது நீக்கினாள். பம்பு ஓடியதும் அவள் பெயரை ராவினார்கள்.

அதுவே நடைமுறையாயிற்று. காலையில் எழுந்ததும் மக்கள் ஒருவரையொருவர், “இன்னிக்கு யாரு பேரு?” என்று கேட்டுக்கொண்டார்கள். சரியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை.

“ஐயா, இரும்பு தேயுது. இன்னொரு தடவை ராவினா தாங்காது” என்றாள் நப்பின்னை.

“உலோகம் உன் துறை அல்ல” என்றார் பெருநம்பி.

அடுத்த முறை அவள் பழுது நீக்கியதும் அரம் வந்தது. பெயர் இருந்த இடம் ஓட்டையாயிற்று. அதன் வழியே கடல் பீறிட்டது.

நப்பின்னை ஸ்பேனரை எடுத்தாள். காவலர் மறித்தார். குனிந்து ஓட்டையைப் பார்த்தார். அதில் யார் பெயரும் இல்லை.

“இப்ப யாரைக் கூப்பிடுறது தாயி?”

தண்ணீர் அவர் மார்பைத் தொட்டிருந்தது. மறித்த கையை அவர் இன்னும் எடுக்கவில்லை.