ஆள் மாறிப் போட்ட மாலை

மைக்கைக் கையில் வாங்கினால் எனக்குக் காது கேட்காமல் போய்விடும். இது டாக்டர் சொன்னதல்ல, என் மனைவி ஸ்டெல்லா சொன்னது. கல்யாணமான புதிதில் அதை மறுத்துப் பார்த்தேன். மலையூரான பிரிஞ்சாங்கில் எங்கள் சேவை மன்றத்துக்குப் புது உறுப்பினர்களை வரவேற்ற அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு மறுப்பதை விட்டுவிட்டேன்.

அப்போது எனக்கு முப்பது வயது. டவுனில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் வேலை. வந்தவரின் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, வாங்கி, படத்தையும் முகத்தையும் இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்க்காமல் சாவி கொடுக்க மாட்டேன். சொந்தச் சித்தப்பா வந்தபோதுகூட ஐசி கேட்டேன். (அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.)

மன்றம் அப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பழைய உறுப்பினர்களில் பலர் பிள்ளைகளோடு கோலாலம்பூர் போய்விட்டார்கள். மிச்சம் ஒன்பது பேர். அந்த வருடமும் இரண்டு பேராவது புதிதாகச் சேராவிட்டால் மன்றத்தைக் கலைத்துவிடலாம் என்று ஈப்போவிலிருந்த தலைமையகம் கடிதம் போட்டது. தலைவர் கணேசன் அண்ணன், காய்கறி மொத்த வியாபாரி, கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, "தம்பி, நீதான் செயலாளர். பாத்துக்க" என்றார். நான் செயலாளராகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

அலைந்து திரிந்து இரண்டு பேரைப் பிடித்தேன். பக்கத்து ஊரான கியா பார்மில் ஸ்ட்ராபெரி தோட்டம் வைத்திருந்த சந்திரனும் அவர் மனைவி கமலாவும். போனில் பேசியதோடு சரி, நேரில் பார்த்ததில்லை. அவர்களை வரவேற்கும் நிகழ்ச்சிக்கு ஈப்போ தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மாவே நேரில் வருவதாகத் தகவல் வந்தது. நான் உடனே கோட்டு தைக்கக் கொடுத்தேன். ஆறு பக்கத்துக்கு உரை எழுதினேன். அதைக் குளியலறையில் சத்தமாகப் படித்துப் பழகினேன். பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது. அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் நல்ல மழை. மண்டபத்துக்கு வெளியே பனிமூட்டத்தில் எதிர்க் கடை தெரியவில்லை. ஈப்போ அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். கணேசன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். அப்போது ஒரு பெண்ணும் ஓர் ஆணும் நனைந்தபடி படியேறி வந்தார்கள். அந்த அக்காவின் கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு கடித உறை.

அவர் வாயைத் திறக்குமுன் உறையை வாங்கி என் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். விண்ணப்பத்தைக் கொண்டுவரும்படி சந்திரனிடம் போனில் நான்தானே சொல்லியிருந்தேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். எல்லாம் எனக்குத் தெரியும், ஒன்றும் பேச வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி இருவரையும் மேடைக்கே அழைத்துப் போய்விட்டேன். நடுவில் அந்த அக்கா தன் பெயர் பரமேஸ்வரி என்றார். வீட்டில் கூப்பிடும் பெயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மைக் என் கைக்கு வந்தது. அதோடு காது போயிற்று.

கமலா, சந்திரன் தம்பதியரின் பெருமையை ஆறு பக்கமும் விடாமல் வாசித்தேன். அவர்கள் ஆதர்சத் தம்பதி என்ற இடத்தில் கூட வந்தவர் அந்த அக்காவைத் திகிலோடு பார்த்துவிட்டு ஓரடி தள்ளி நின்றார். (அவர் அக்காவின் சொந்தத் தம்பி, லாரி ஓட்டும் முனியாண்டி என்பது பிறகுதான் தெரிந்தது.) கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று அதையும் உரையில் சேர்த்துக்கொண்டேன். கூட்டம் கைதட்டியது. இருவரும் கைகூப்பினார்கள். பெரிய சாமந்தி மாலைகளைப் போட்டோம், மன்றத்தின் பேட்ஜைக் குத்தினோம்.

அடுத்து உறுதிமொழி. நான் சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். "என் நேரத்தையும் உழைப்பையும் பிறர் துன்பம் தீரத் தருவேன்" என்றேன். முனியாண்டி முணுமுணுத்தார். அந்த அக்கா மட்டும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தித் தெளிவாகச் சொன்னார். கண்ணில் தண்ணீர். என் உரைதான் அழவைத்துவிட்டது என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டு வார்த்தை பேசும்படி மைக்கை அவரிடம் நீட்டினேன்.

"வணக்கம். எம் பேரு பரமேஸ்வரி. லெம்பா பெர்த்தாம்ல பூத்தோட்டத்துல வேலை. என் வீட்டுக்காரர் வாதம் வந்து படுத்த படுக்கையா இருக்காரு. அவருக்கு ஒரு சக்கர நாற்காலி கேட்டு வந்தேன். கடுதாசி அந்தத் தம்பி கோட்டுக்குள்ள இருக்கு."

உதவி கேட்டு வந்தவரைப் பிடித்து, பிறருக்கு உதவுவேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். கோட்டுப் பைக்குள் அந்த உறை நெருப்புத் துண்டாகச் சுட்டது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. "சாரி சார், கியா பார்ம்ல ரோடெல்லாம் ஒரே ஜேம் லா" என்றபடி உண்மையான சந்திரனும் கமலாவும் உள்ளே வந்தார்கள்.

நான் பரமேஸ்வரி அக்காவிடம் போய், தலை நிமிராமல் மன்னிப்புக் கேட்டேன். பேட்ஜைக் கழற்றப் பக்கத்தில் நின்ற உறுப்பினர் கை நீட்டினார். அக்கா பேட்ஜைக் கையால் மூடிக்கொண்டார்.

"இருக்கட்டும் தம்பி. வாயால சொல்லிட்டேன்ல. நானும் செய்வேன்."

உதவி கேட்டு வந்தவர் உறுப்பினராகக் கூடாது என்று ஏதாவது விதி இருக்கிறதா என்று கணேசன் அண்ணன் ஈப்போ அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்த அம்மா விதிப் புத்தகத்தை எடுக்கவே இல்லை. எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேர் கேட்டேன், நான்கு பேர் கிடைத்திருக்கிறார்கள் என்றார். நாலாவது ஆள் தான்தான் என்று புரிய முனியாண்டிக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மாலை தீர்ந்துவிட்டதால் அக்கா தன் மாலையைக் கழற்றிக் கமலாவுக்குப் போட்டார்.

அடுத்த வாரம் சக்கர நாற்காலியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அக்காவின் வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்து வாசல் வரை வந்து, வெயிலுக்கு முகத்தைக் காட்டினார்.

அதன் பிறகுதான் மன்றம் மன்றமாயிற்று. எந்தத் தோட்டத்து லைன் வீட்டில் யார் நோயில் படுத்திருக்கிறார், எந்தப் பிள்ளை பள்ளிக்கு வருவதில்லை என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் அதுவரை டவுனைத் தாண்டாமல் சேவை செய்துகொண்டிருந்தோம். இப்போது முனியாண்டியின் லாரியில் ஏறித் தேயிலைத் தோட்டமெல்லாம் போகிறோம். ஒன்பது பேர் முப்பத்திரண்டு பேராகிவிட்டோம். போன வருடத்திலிருந்து அக்காதான் தலைவர். புது உறுப்பினர்களை வரவேற்பதும் அவர்தான். எனக்கு மைக் கிடையாது. நாற்காலி அடுக்குகிறேன்.

வீட்டில் மட்டும் எனக்கு விடுதலை இல்லை. எங்களுக்கு ஒரு மகள், பத்து வயது. அவள் பிறப்பதற்கு முன் நடந்த கதை, ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தவளைப் போல் ஊரெல்லாம் சொல்கிறாள். போன வாரம் சமையல் கேஸ் தோம்பு கொண்டுவந்தவர் கதவைத் தட்டினார். வாங்க வாங்க என்று நான் எழுந்தேன். சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"ப்பா, மொதல்ல பேரு கேளுங்க. மாலைய போட்றாதீங்க லா."