நம் எழுத்துக்கு நாற்பது ஆடுகள் சாட்சி

மாமா, நம் வாஹி மொழிக்குச் செல்போனில் கீபோர்டு வந்துவிட்டது, செய்தது நான்தான், உங்கள் தங்கை மகள் ஃபரிஷ்தா!

பள்ளிப் பெற்றோர் குழுத் தலைவரும் என் தாய்மாமனுமான மதிப்பிற்குரிய தௌலத் ஷா அவர்களுக்கு, யா அலி மதத். இங்கு எல்லோரும் நலம். ஆப்ரிகாட் காய்ந்து மூட்டை கட்டியாயிற்று. நீங்கள் கில்கித் டவுனுக்கு வாங்கப் போன கூரைத் தகடு நல்ல விலைக்குக் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

சனிக்கிழமை நடந்ததை யாராவது போனில் சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள், நான் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரே ஒரு வகுப்பில் நம் மொழியை நம் எழுத்தில் எழுதக் கற்றுத்தர வேண்டும் என்று தலைமை ஆசிரியர் ரஜப்பிடம் கேட்டேன். ஐம்பது பெற்றோர் கையெழுத்தோடு வா, கூட்டத்தில் செய்து காட்டு என்றார். கையெழுத்து வாங்கினேன். கீபோர்டு யூடியூப் பார்த்து நானே செய்தது, எழுத்தைத் தொட்டால் அதன் சத்தம் கேட்கும், ஆனால் சத்தம் கொடுக்க ஆள் வேண்டுமே! என் வயதுக்காரர்கள் வாயில் உருதுவும் இங்கிலீஷும் புகுந்து, நாக்கை மடித்துச் சொல்லும் ‘ஷ’வும் தொண்டையில் உரசும் ‘க’வும் தேய்ந்தே போய்விட்டன. அதனால் மேய்ச்சல் மலையிலிருந்து அன்றுதான் இறங்கியிருந்த பீபி நூமா அத்தையிடம் ஓடினேன். பட்டியில் ஆடு கறந்துகொண்டிருந்தார்.

“அத்தை, இதுல ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க.”

“எனக்கு எழுத்தே தெரியாதேடி!”

“சத்தம் தெரியும்ல? அது போதும்.”

“அப்ப இந்தக் கொம்பப் பிடி. கறந்துக்கிட்டே சொல்றேன்.”

கண்ணாடி மாதிரிச் சொன்னார். நடுநடுவே, விலகி ஓடிய ஆடுகளை உப்பு நக்க வரச்சொல்லியும் கூப்பிட்டார்: “ப்ர்ர்ர்ஷ்ஷே!” நான் வெட்டி ஒட்டிய அவசரத்தில் ‘ஷ’வின் வாலில் அதுவும் ஒட்டிக்கொண்டது. கேட்டுப் பார்க்கவில்லை. என் தப்புதான்.

கூட்டத்தில் பள்ளி ஒலிபெருக்கியில் போனை மாட்டி ‘ஷ’வைத் தொட்டேன். முதலில் மதில்மேல் ஓர் ஆடு ஏறியது. பிறகு ஐந்து. பிறகு ஊர் ஆடு நாற்பதும், மாமா, பெஞ்சைத் தாண்டி, பெற்றோர் மடியைத் தாண்டி, நேராக மேடைக்கு! உப்பு இல்லை என்று தெரிந்ததும் ரஜப் சாரின் உள்ளங்கை வியர்வையை நக்கின. அவர் கையை உதறியதில் கையெழுத்துத் தாள் கீழே விழ, ஐம்பது பெயரும் ஒரு கறுப்பு ஆட்டின் வாய்க்குள் போய்விட்டது.

“என்னம்மா, உன் எழுத்து ஆட்டுக்குத்தான் புரியுது போல!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆடு பொய் சொல்லாது சார். அதே சத்தத்த நீங்க போடுங்க, ஒண்ணாவது திரும்புதான்னு பாப்போம்.”

மைக்கை வாங்கிப் போட்டார். ஒரு காது கூட அசையவில்லை.

“ரஜப்பு, நாக்க எங்கடா தொலச்ச?” என்று பின்வரிசையிலிருந்து பீபி நூமா அத்தை கத்தினார். இப்போது சிரிப்பு ரஜப் சார் பக்கம் திரும்பியது. முகம் சிவந்துபோய், “சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். மறுபடியும் ஐம்பது. முதல் கையெழுத்து தலைவரோடதா இருக்கணும். இல்லன்னா இந்தப் பேச்சே வேண்டாம்” என்றார்.

வீடு வீடாகப் போய்விட்டேன் மாமா. நாற்பத்தொன்பது ஆயிற்று. கடைசிக் கையெழுத்து ரஜப் சாரின் மனைவியுடையது. தாளின் முதல் வரி மட்டும் உங்களுக்காகக் காலியாக இருக்கிறது. ‘ஷ’வையும் திருத்திவிட்டேன்.

அங்கே உங்களோடு இருக்கும் அத்தைக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். வரும் வழியில் மண் சரியாமல் மௌலா காக்கட்டும்.

உங்கள் அன்பு மருமகள்,
ஃபரிஷ்தா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அம்மா எட்டிப் பார்த்து, “இந்த எழுத்து உன் மாமனுக்கு எப்படிடி தெரியும்?” என்கிறார். மாமா! கடிதம் முழுவதையும் நம் எழுத்திலேயே எழுதித் தொலைத்துவிட்டேன்! உருதுவில் திருப்பி எழுத மாட்டேன். உருதுக் குறிப்போடு எழுத்து அட்டவணை ஒன்றைக் கடிதத்துக்கு மேலே வைத்திருக்கிறேன். அதை வைத்து இந்த வரி வரைக்கும் வந்துவிட்டீர்களானால், இதையெல்லாம் பெரியவங்க எவனும் படிக்க மாட்டான் என்று நீங்கள் சொன்னது பொய். கையெழுத்துப் போட்டு போட்டோ அனுப்புங்கள். கில்கித்தில் இருக்கும் நம் ஆட்களையெல்லாம் கூட்டி அட்டவணையைக் காட்டுங்கள். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஷேர் பண்ணுங்கள், நம் எழுத்தில்!